இருநூறு எழுத்து

பெத்ரோலினா. காலை ஏழு மணி.
பூட்டைத் திறக்குமுன்பே வாசலில் நின்றாள் அதல்ஜிஸா.
சாக்கை என் மேசைமேல் கவிழ்த்தாள்:
ஐந்து தக்காளிச் செடிகள், வேரோடு.
வேர் என்று சொல்ல மனம் வரவில்லை.
இஞ்சிக் கிழங்கு போல வீங்கி வீங்கி
யாரோ பதற்றத்தில் போட்டுக்கொண்டே போய்
அவிழ்க்க மறந்த முடிச்சுகள்.

"புழுவைத் தாங்கும் ரகம் என்று
அட்டையில் அச்சடித்திருக்கிறான்.
நாற்று விற்றவனைக் கோர்ட்டில் ஏற்றப் போகிறேன்.
புழுவின் பெயரை மட்டும் எழுதிக் கொடு."

பெயர்தான் சிரமம்.

முடிச்சைக் கீறினால் உள்ளே இருக்கிறாள்,
ஊசிமுனையில் ஒட்டுகிற முத்து.
வேரின் நாளத்தில் தலையைச் செருகி
இருந்த இடத்திலேயே குடித்துப் பருத்தவள்.
பின்புறத்தை நறுக்கிக் கண்ணாடியில் வைத்தால்
ரேகை தெரியும், கட்டைவிரல் ரேகை மாதிரியே.
அந்த ரேகையை நம்பிப் பதினொரு வருடம்
பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
எத்தனை தப்பு என்று எண்ணிப் பார்க்க
எனக்குத் தைரியமில்லை.

இந்தக் குலத்துக்கு ஆண் தேவையில்லை.
உண்டு, ஒல்லியாய், மண்ணுக்குள் சும்மா திரிவான்.
தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை:
இங்கே அது பழமொழி இல்லை,
வெறும் தகவல்.
நானூறு முட்டை. நானூறும் அவளே.

ஒருத்தியை நசுக்கினேன். ஒரு சொட்டு.
சின்னக் குழாயில் இட்டு இயந்திரத்தில் வைத்தேன்.
சூடு, குளிர், மிதச்சூடு; முப்பத்தைந்து சுற்று.
இருபத்திரண்டாவதில் கரண்ட் போயிற்று.
லுசிமர் தெருவரை இறங்கிப் போய்
மின்கம்பத்தைத் திட்டிவிட்டு வந்தாள்.
அதல்ஜிஸா காலிச் சாக்கை மடித்துத் தலைக்கு வைத்து
வராந்தாவில் தூங்கிவிட்டாள்.
இன்னொருத்தியை நசுக்கினேன்.
மறுபடி முதலிலிருந்து.

நீல வெளிச்சத்தில் ஜெல் தகடு.
வழக்கமாக வரும் இரண்டு பேரின் தடத்திலும் இருட்டு.
மூன்றாவதில் ஒரு கீற்று.
இருநூறு எழுத்து நீளம் இருக்கும்,
நாலே எழுத்தைத் திருப்பித் திருப்பி எழுதிய வாக்கியம்.
அதில் நாற்றுக்காரன் இல்லை.
கொய்யா இருந்தது.

எழுப்பிக் கேட்டேன்: வீட்டில் கொய்யா உண்டா?

"இருந்தது. கால்வாய் ஓரம் அறுபது மரம்.
இலை மஞ்சளாகி, ஒவ்வொன்றாய்ச் செத்தது.
வெட்டிப் போட்டோம். ஆனால் மண் நல்ல மண்,
வீணாக்குவானேன் என்று பையில் நிரப்பித்தான்
இந்தத் தக்காளியை..."

வாக்கியம் அந்த இடத்தில் நின்றது.
மின்விசிறி மட்டும் சுற்றியது.

அந்த ரகத்துக்குள் ஒரு காவல்காரன் உண்டு என்றேன்.
மற்றவர்களைப் பிடித்து நிறுத்துவான்.
இவளைக் கண்டால்
வணக்கம் வைத்துக் கதவைத் திறந்துவிடுவான்.
அட்டையில் பொய் இல்லை.
இவளைப் பற்றிப் பேச்சே இல்லை, அவ்வளவுதான்.

அவள் அதைக் கேட்கவில்லை.
விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்.
"எரிவெல்ட்டுவின் கல்யாணத்துக்கு நாற்பது பை.
பள்ளிக்கூடத் தோட்டத்துக்குப் பன்னிரண்டு.
பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற விதவைக்கு
ஆறு. காசுகூட வாங்கவில்லை."

அறிக்கையை நாலாய் மடித்து உள்ளே செருகினாள்.
கோர்ட் என்ற சொல் திரும்ப வரவில்லை.
வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழற்றி
அடிப்பாகத்தைப் பார்த்தாள்.
குழாயடிவரை போனவள் நின்றாள்.
"இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?"
கால்வாய்க்கு, என்றேன்.

பூட்ஸைச் சாக்கில் போட்டு,
வாயைக் கட்டி, என் காலடியில் வைத்துவிட்டு
வெறுங்காலோடு பஸ் ஏறினாள்.
தார் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

மேசைக்கு அடியில், சாக்குக்குப் பக்கத்தில்
என் செருப்பு.
பதினொரு வருடமாக
ஒவ்வொருவர் வயலுக்கும் போய்வந்தது.